சீரியல் போர்ட் வேகம்: புதிய டிரைவர் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

எங்களிடம், கருவிகளைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கேபிளும் லினக்ஸ் பில்லிங் பெட்டியும் வாங்கியவர்களுக்கு இந்த மாதம் புதிய டிரைவர் (கேபிளை இயக்கும் மென்பொருள்) போட்டுத் தருகிறோம். போட்டபின் ஒரு மாற்றம் கண்ணில் படும். நொடிக்கு 115200 பிட் என்று வேகம் வைத்திருந்தால், சில மென்பொருள்கள் 115385 என்று காட்டும். கேபிள் கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். கம்பியில் உண்மையாக ஓடும் வேகம் அதுதான். முன்பும் அப்படித்தான் ஓடியது, திரையில் மட்டும் நாம் கேட்ட எண் தெரிந்தது.

நம் கேபிளில் இருப்பது எஃப்டி232ஆர் சிப். அதன் 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 16 ஆல் வகுத்தால் 30 லட்சம் வரும். அந்த 30 லட்சத்தை இன்னோர் எண்ணால் வகுத்துத்தான் எந்த வேகத்தையும் எட்ட முடியும். 115200க்கு 26.04 தேவை, சிப் 26ஐ எடுத்துக்கொள்கிறது. பிசகு 0.16 சதவீதம்தான். ஒவ்வோர் எழுத்தும் சுமார் பத்து பிட் நீளம், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். அதனால் இரு பக்கமும் சேர்ந்து இரண்டு சதவீதம் வரை பிசகினாலும் தாங்கும். ஐந்தைத் தொட்டால் குப்பை எழுத்துதான் வரும்.

வேகம் கூடக்கூடக் கணக்கு இறுகிவிடும். பம்ப் மோட்டார் சோதனை மேடைக்கு 921600 கேட்பவர்கள் இருக்கிறீர்கள். முழு எண்ணால் மட்டும் வகுத்தால் 3 போட வேண்டும், வேகம் 10 லட்சமாகிவிடும், எட்டரை சதவீதம் பிசகு. இந்தச் சிப் அரைக்கால் அரைக்காலாகவும் வகுக்கும் என்பதால் மூன்றேகால் போட்டு 923077ஐப் பிடிக்கிறது. ஆனால் 20 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் நடுவில் இதில் எந்த வேகமும் கிடையாது. 25 லட்சம் கேட்டால் புதிய டிரைவர் அதை ஏற்காது. பழைய வேகத்தையே வைத்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்லும். மென்பொருள் எழுதித் தருபவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்க: வேகத்தை வைத்தபின் ஒருமுறை திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். வைக்கும் கட்டளை வெற்றி என்று வந்தாலே கேட்ட வேகம் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை.

பழைய லினக்ஸ் மென்பொருள் சிலவற்றில் 38400 என்று கேட்டுவிட்டுப் பின்னால் வேறு வகுஎண்ணை (கடிகாரத்தை வகுக்கும் எண்ணை) திணிக்கும் வழக்கம் உண்டு. திரையில் ஒன்று, கம்பியில் ஒன்று. இப்போது எந்த எண்ணையும் நேரடியாகக் கேட்க லினக்ஸில் வழி இருக்கிறது. அந்தப் பழைய வழியை விட்டுவிடுவதே நல்லது.

இன்னொன்று, கட்டளை அனுப்பிய கையோடு வேகத்தை மாற்றக் கூடாது. கடைசி எழுத்துகள் சிப்புக்குள்ளேயே காத்திருக்கும். அவை வெளியேறும் முன் வேகம் மாறினால் சிதைந்துவிடும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டிவைஸ் மேனேஜரில் வேகத்தை மாற்றிவிட்டுப் பலன் இல்லை என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பில்லிங் மென்பொருள் போர்ட்டைத் திறந்ததும் தன் வேகத்தை வைத்துக்கொள்ளும், அதுதான் செல்லும். மாற்ற வேண்டியது மென்பொருளின் அமைப்பில்தான்.

எல்லாக் கோளாறும் வேகத்தால் வருவதில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலோ பொள்ளாச்சி தேங்காய்க் களத்திலோ எடை மேடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்க. எடையில் 0, 3, 5, 6, 9 சரியாக வந்து, 1, 2, 4, 7, 8 மட்டும் கோணல் எழுத்தாக வந்தால் வேகத்தைத் தொடவே வேண்டாம். எடை காட்டும் இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டியில் (பாரிட்டி என்பது பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) அனுப்புகிறது, கணினி 8 பிட், பாரிட்டி இல்லாமல் படிக்கிறது. கோணலாகும் எண்களில் பாரிட்டி பிட் 1 ஆக இருப்பதால், அது எட்டாவது பிட்டாகச் சேர்ந்துவிடுகிறது. கணினிப் பக்கமும் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று மாற்றினால் போதும், அங்கேயே தீர்ந்துவிடும்.

டிரைவர் போட பெட்டியைக் கழற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை, இணையம் வழியாகவே போட்டுவிடுவோம். அதற்கு முன் இண்டிகேட்டர் மெனுவில் வேகம், பிட், பாரிட்டி தெரியும் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பி வையுங்க. மண்டி நாளில் வேலையை நிறுத்த மாட்டோம், உங்களுக்குத் தோதான நேரத்தைச் சொன்னால் அப்போது போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கேபிள் கடையினர்,
கணபதி, கோயம்புத்தூர்