ஆண்டறிக்கை: தரங்கம்பாடி மரபு நடையும் பழைய கல்லறைத் தோட்டமும்

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஒப்புக்கொண்ட வேலைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்வதுதான் இந்த அறிக்கையின் வேலை. நிர்வாகக் குழு விதிப்படி கூடியது. தீர்மானப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. புரட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். சந்தா, நன்கொடை, செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. நூலக அலமாரிக்குக் கதவு போட்டாகிவிட்டது. இவற்றுக்கு இதற்குமேல் நேரம் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆண்டு முழுக்க நம் நேரத்தைத் தின்றதும், நம்மைக் கொஞ்சம் சண்டை போட வைத்ததும் ஊரின் பழைய இடங்களைச் சுற்றிக் காட்டும் மரபு நடையும், டேனியர் ஆட்சிக் காலத்துக் கல்லறைத் தோட்டமும்தான்.

நடை வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வைக்கவில்லை. டிசம்பர் 26-ஐ ஒட்டிய வாரத்திலும் வைக்கவில்லை. 2004-க்குப் பிறகு அந்த நாளில் ஊர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும், உங்களுக்கு வேண்டியதில்லை.

இந்த ஆண்டு செய்த ஒரே பெரிய மாற்றம், நடையைத் தலைகீழாகத் திருப்பியது. முன்பெல்லாம் நகர வாயிலில் தொடங்கி, ராஜ வீதி வழியாகக் கோட்டைக்குப் போய், மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். வந்தவர்கள் நிழல் தேடி ஒதுங்குவார்கள். வழிகாட்டி தனியாக நின்று கல்லிடம் பேசிக்கொண்டிருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், உச்சி வெயிலில் படுக்கைக் கல்லில் எழுத்தே தெரியாது. விடிந்த கையோடு போனால் வெளிச்சம் சாய்வாக விழும், தேய்ந்த எழுத்தின் பள்ளத்திலும் நிழல் நிற்கும், படிக்கலாம். ஆகவே இப்போது முதலில் கல்லறைத் தோட்டம், பிறகு மற்றவை. நம் மூத்த உறுப்பினர்கள் சிலர், காலையில் முதல் வேலையாக யாராவது கல்லறைக்குப் போவார்களா என்று கேட்டார்கள். கேட்டவர்களில் இருவர் இப்போது தவறாமல் வருகிறார்கள்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது, டென்மார்க் மன்னர் இங்கே அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு எங்கே என்பதைத்தான். அவர் இந்தத் தோட்டத்தில் இல்லை. 1706 ஜூலை 9 அன்று சக மிஷனரி புளூட்சோவுடன் இங்கே கரையிறங்கியவர், 1719-இல், முப்பத்தாறாம் வயதில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடன் உழைத்த குருண்ட்லரும் அங்கேதான் இருக்கிறார். ஆலய முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை இருப்பதைக் காட்டுகிறோம். அதே ஊரின் டேனிஷ் ஆளுநர் 1708-இல் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் கோட்டையில் அடைத்துவைத்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். மன்னர் அனுப்பினார், மன்னரின் ஆள் அடைத்தார். இந்த ஊரின் வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவதாக வரும் கேள்வி பேய்க் கதை. அது நம் நடையில் கிடையாது. இந்த ஆண்டு ஒரு குழு பணம் கொடுத்து இரவு நடை கேட்டது. குழு கூடிப் பேசி மறுத்துவிட்டோம். அடக்கமானவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கடிதம் எழுதி விசாரிக்கிற இடம் அது.

இனி ஆவணப் பணி. கல்லறைத் தோட்டம் நம் சங்கத்தின் சொத்தல்ல. உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கால் வைத்தோம். கருவேல முள்ளையும் கோரையையும் வெட்டுவதற்கே முதல் சில வாரங்கள் போயின. பிறகு ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு தாள்: நீளம், அகலம், உயரம், எதனால் கட்டியது, எழுத்து இருக்கிறதா, எந்த மொழி, எங்கே விரிசல், எந்தத் திசை நோக்கி எடுத்த புகைப்படம். பெரும்பாலானவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பெயர்க் கல் பெயர்ந்துபோய் வெறும் மேடையாக நிற்பவற்றுக்கும் தாள் உண்டு. பெயரில்லாததை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒப்பவில்லை.

படிக்கும் முறைக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தோம். எழுத்து துலங்கட்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. கம்பி பிரஷ் கூடாது. காய்ந்த மென்மையான தூரிகை, ஒரு கண்ணாடி, ஒரு கறுப்புக் குடை இவை போதும். குடையால் மேலிருந்து விழும் வெளிச்சத்தை மறைத்து, கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பினால் கல் பேசத் தொடங்குகிறது. ஐரோப்பிய எழுத்தில் 'யூ' (U) வர வேண்டிய இடத்தில் 'வி' (V) செதுக்கியிருக்கும், சொற்களைப் பாதியில் வெட்டிச் சுருக்கியிருக்கும், இடம் போதாமல் கடைசி எழுத்து மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். புரியாத எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டுமே தவிர ஊகித்து நிரப்பக் கூடாது. ஒன்றா ஏழா என்று தெரியாத ஓர் எண்ணுக்காக ஒரு காலை முழுக்க வாக்குவாதம் நடந்தது. கடைசியில் புள்ளிதான் வைத்தோம்.

ஒரு சிறிய கல்லை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். முழம் அளவுகூட இல்லை, ஓரத்தில் பாசி. உடன் வந்த கல்லூரி மாணவி மண்டியிட்டுக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துச் செதுக்குவது அக்கால வழக்கம். அந்தக் கல்லில் ஆண்டு என்ற சொல்லே இல்லை. மாதமும் நாளும் மட்டும். அவள் அதைத் தாளில் எழுதிவிட்டு, "அண்ணா, அடுத்ததுக்குப் போலாமா?" என்று கேட்டாள். நடையில் அந்தக் கல்லருகே நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம்.

ஏன் இவ்வளவு இளம் வயதில் இறந்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, காலரா. 1760-இல் இங்கே வந்த மொரேவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரிக் குழுவின் கதையைப் பதிலாகச் சொல்கிறோம். அவர்கள் நோக்கம் நிக்கோபார். அங்கே போனவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டது. திரும்பி வந்தவர்களும் இங்கே நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். நோயில்லாமல் வந்த துன்பத்துக்குக் கோட்டையில் ஓர் உதாரணம் உண்டு: ஐஸ்லாந்துக்காரரான யோன் ஓலாஃப்சன். நம் ஊர் டேனிஷ் கோட்டையான டான்ஸ்போர்க்கில் 1620-களில் பீரங்கிப் படையில் இருந்தவர். வெடிமருந்து வெடித்துக் கை சிதைந்து ஊர் திரும்பினார், முதுமையில் தன் வாழ்க்கையை எழுதிவைத்தார். நம் கடற்கரையை அந்தக் காலத்தில் ஒரு சாதாரணப் படைவீரன் கண்ணால் பார்க்க முடிவது அவரால்தான்.

சர்ச்சைக்கு வருகிறேன். கல்லறைகளுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து, நடைபாதைக்கு டைல்ஸும் போட்டுத் தர நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் முன்வந்தார். நன்றி சொல்லி மறுத்தோம். குழுவில் எல்லோரும் என்னோடு இல்லை. கிடைக்கிறதை வேண்டாம் என்பதா என்று கோபித்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். காரணத்தை மறுபடி சொல்கிறேன். இது கடலோரம். உப்பு ஈரம் செங்கல்லுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. உள்ளே தங்கும் உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும், சில ஆண்டில் பூச்சு பலகையாகக் கழன்று விழும், அப்போது பெயர்க் கல்லும் கூடவே போகும். பழைய முறையில் நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள். செலவு கூடும், வேலை மெதுவாக நடக்கும். அதுவும் பதிவு முடிந்த பிறகுதான். வெள்ளையடித்த கல்லை யார் வந்து படிப்பது?

அரச மரக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டாம் என்பதும் இதே கணக்குதான். வேரோடு சுவரும் வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடிக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் மேற்பார்வையில் மட்டும்.

இந்தத் தோட்டம் யாருடையது என்பதையும் நடையில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து, குழுவும் ஏற்றது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் 225 ஆண்டுகள் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள், படகு தள்ளியவர்கள், தறி நெய்தவர்கள் இவர்களில் எவருக்கும் இங்கே கல் இல்லை. 1733-இல் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஆரோன் போன்ற சிலரையாவது மிஷன் ஏடுகள் வழியாக அறிகிறோம். ஆகவே கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகிறோம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில்; முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனியர் வருவதற்கு முன்னூறு ஆண்டுக்கு முன்பே இது ஊர்தான் என்பதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி அது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே நடையின் உயிர்நாடி என்று இப்போது நினைக்கிறேன். வரிசையை மாற்றியதில் தற்செயலாகக் கிடைத்த லாபம்.

மற்ற இடங்களில் சொல்வதில் மாற்றமில்லை. நகர வாயிலில் 1792 என்ற ஆண்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விடுகிறோம். 1845-இல் டேனியர் இந்த ஊரை, வங்காளத்தில் தங்கள் வசமிருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றதைச் சொன்னால் சிரிப்பு எழும். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இந்தத் துறைமுகம் அடங்கிப்போனதைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

குறைகள்: கழிப்பறை வசதி இன்னும் இல்லை, பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நியாயம்தான். வழிகாட்டும் உறுப்பினர்கள் மூன்று நான்கு பேரையே நம்பியிருக்கிறோம். கூட்டம் அதிகமாக வந்த நாட்களில் ஒருவர் கல்லறை மேடைமேல் ஏறிப் படம் எடுத்தார். இனி ஒரு வழிகாட்டிக்கு இருபது பேருக்குமேல் கூடாது என்று விதி வைக்கப் பரிந்துரைக்கிறேன்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டுவது மூன்று விஷயங்களுக்கு. பதிவுத் தாள்களின் நகல் ஒன்றை உரியவர்களிடமும் ஒன்றை நூலகத்திலும் வைப்பது. டேனிஷ், ஜெர்மன் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் படங்களை அனுப்பிச் சரிபார்ப்பது; ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள மிஷன் ஆவணங்களோடு ஒப்பிட அது உதவும். சரிந்து நிற்கும் ஒரே ஒரு கல்லறையை, அனுமதி கிடைத்தால், சுண்ணாம்பில் பழுதுபார்த்து ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பது. மூன்றாவதில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் பேசும்படி தலைவர் ஐயா நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

அறிக்கையை ஏற்றுப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

நன்றி.

செயலாளர்