மோட்டார் போடும் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

திருமங்கலம் பக்கத்தில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ஆறு மாதமாக நடந்த எழுத்தறிவு வகுப்பு, போன ஞாயிற்றுக்கிழமை தேர்வோடு முடிந்தது. பெயர் கொடுத்தவர்கள் 22 பேர், தேர்வு எழுதியவர்கள் 17 பேர். எல்லாரும் பெண்கள். மூத்தவருக்கு 71 வயது. முடிவு இன்னும் வரவில்லை. அது வரட்டும் என்று காத்திருந்தால் நன்றி ஆறிப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் அண்ணனுக்கு. சிரிக்காதீர்கள். அவர் இல்லையென்றால் வகுப்பே இல்லை.

இது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் வந்த வகுப்பு. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். சொல்லித்தருபவருக்குச் சம்பளம் கிடையாது. தபால் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள். 200 மணி நேரம் நடத்த வேண்டும். சரி, தினம் ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு, நேரம் கேட்கப் போனேன். விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது. அதற்குப் பிறகு நூறு நாள் வேலை. நாலு மணிக்கு மாட்டுக்குப் புல், ஐந்து மணிக்குப் பால் சொசைட்டி, ஆறு மணிக்கு அடுப்பு. ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். எட்டு மணிக்கு மேல் உட்கார வைத்தால் தூங்கி விழுவார்கள். மூன்று மணிக்கு எழுந்தவரை எட்டு மணிக்கு 'ட' எழுதச் சொன்னால் பாவம் நமக்குத்தான்.

22 பேருக்கும் பொதுவாக ஒரு மணி நேரம்கூட அகப்படவில்லை. படிப்பதற்கு மூளை வேண்டும், ஆர்வம் வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். அதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களிடம் தாராளமாக இருந்தது. நேரம்தான் மற்றவர்கள் கையில் இருந்தது.

மோட்டார் அண்ணன் ஒரு வாரம் யோசித்தார். மூன்று தெருவிலும் போய்ப் பேசினார். ஒரு தெருவில் வசவு வாங்கினார் என்றும் கேள்வி. கடைசியில் சாயங்காலத் தண்ணீரைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றினார். ஏழிலிருந்து எட்டரை எங்களுக்குக் கிடைத்தது. அண்ணே, உங்களைப் பற்றி எந்த ஃபைலிலும் எழுதமாட்டார்கள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இடம் கொடுத்தவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. சாவியையே என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் 71 வயது அப்பத்தா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "முழங்கால் வாயில இடிக்குது தாயி" என்று தரைக்கு இறங்கிவிட்டார். அந்தப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்காவுக்கும் ஒரு நன்றி உண்டு. அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. மறு ஆண்டு எங்கள் ஊருக்கும் வந்தது. பிள்ளை பசியாறிவிடும் என்று தெரிந்ததால், பூங்காட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து உலை வைத்தவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். மிச்சமான தெம்புதான் ராத்திரி எனக்குக் கிடைத்தது.

வீட்டு ஆண்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னார்கள். எனக்கு அரை மனதுதான். சோறு வடித்ததற்கெல்லாமா மடல் எழுதுவது? ஆனாலும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். மனைவி வகுப்பில் இருக்கும்போது கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நடந்துகொண்டே இருப்பார். அப்படியே ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு அவரும் பாதி எழுத்தைக் கற்றுவிட்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் மட்டும் வரமாட்டார்.

நாங்கள் 'அ'வில் தொடங்கவில்லை. ட, ப, ம. மண்வெட்டி பிடித்துக் காய்ந்த விரலுக்கு 'அ'வின் சுழி அவ்வளவு எளிதில் வராது, நேர்கோடு வரும். ட, ப, ம மூன்றும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே சொல் கூடிவிடும். முதல் நாளே ஒரு சொல்லை வாசித்துவிட்டுப் போகிறவர் மறுநாள் வராமல் இருக்கமாட்டார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர், இப்போது திருமங்கலத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், அவர் வந்து இரண்டு நாள் எனக்கு வகுப்பு எடுத்தார். ஐயா, நன்றி.

என் அம்மா அறிவொளியில் படித்தவர். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவர் எழுத்துக்கூட்டியது எனக்கு நினைவிருக்கிறது. இயக்கம் முடிந்தது. அப்புறம் அவர் கைக்குப் படிக்க எதுவுமே வரவில்லை. எழுத்து ஒவ்வொன்றாகப் போய்விட்டது. கையெழுத்து மட்டும் சாகும்வரை நின்றது.

இனி, இந்த மடலில் நான் தலைகுனிந்து எழுத வேண்டிய இடம். ஒரு அத்தாச்சி, வயது ஐம்பத்தைந்து இருக்கும், இரண்டு மாதமாகியும் பத்து எழுத்தைத் தாண்டவில்லை. கவனம் இல்லை என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "எழுத்து எறும்பு மாதிரி ஓடுது தாயி" என்றார். புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளெழுத்து, வயது ஏறினால் கிட்டத்து எழுத்து மங்குமே, அது. வீட்டில் ஊசிக்கு நூல் கோத்துத் தருவது பேத்திதான் என்றும் சொன்னார். பலகையில் எழுதினால் வாசித்தவர் புத்தகத்தில் திணறியதை நான் பார்க்கவே இல்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் மதுரை. கண் முகாம் பார்க்காத கிராமம் இங்கே குறைவு. அப்படியிருந்தும் எனக்கு இரண்டு மாதம் தோன்றவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அடுத்த கணக்கை 2021-ல் எடுத்திருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. மீதிப் பேர் யார் என்று எங்கள் தெருவில் பார்த்தால், ஏறக்குறைய எல்லாருமே நாற்பதைத் தாண்டியவர்கள். எழுத்துக்கு நேரம் ஒதுங்குகிற வயதும் வெள்ளெழுத்து வருகிற வயதும் ஒன்றாகிவிட்டது. எங்களுக்குப் புத்தகம் வந்தது, கண்ணாடி வரவில்லை.

திருமங்கலத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து எல்லாருக்கும் பார்வை பார்த்தார். பதினான்கு பேருக்குக் கண்ணாடி. அடக்க விலைக்கே தந்தார். பணம் அனுப்பியவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன், பெயர் வேண்டாம் என்றுவிட்டான். அத்தாச்சி கண்ணாடியைப் போட்டதும் முதலில் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். "இம்புட்டுக் கோடா?" என்றார். அடுத்த பத்து நாளில் உயிர்மெய்க்கு வந்துவிட்டார்.

கணக்குப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை, விலை, கமிஷன் போக மிச்சம் எல்லாம் அவர்கள் மனக்கணக்காகச் சொல்லி முடித்த பிறகுதான் நான் பலகையில் போட்டு முடிப்பேன். வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50 என்று மொத்தம் 150 மதிப்பெண். கணக்கில் அவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

வங்கிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதினி ஒருவர் பணம் எடுக்கும் செலானில் முதல் தடவையாகப் பெயர் எழுதினார். கவுண்டரில் இருந்தவர், "உங்க கணக்குல ரேகைதான் இருக்கு, செல்லாது" என்று மைப்பெட்டியைத் தள்ளினார். விதி அப்படித்தான், அது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் கூடவே, "இத்தனை வயசுக்கு மேல இது எதுக்கு?" என்று கேட்டாரே, அது எந்த விதியில் இருக்கிறது என்று தெரியவில்லை. மதினி ரேகை வைக்காமலே திரும்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, அதே கிளையில் வேறொரு பெண் ஊழியர், ரேகையிலிருந்து கையெழுத்துக்கு மாற்றும் படிவத்தைத் தந்து, மதினி எழுதி முடிக்கும்வரை வரிசையை நிறுத்திவைத்தார். அம்மா, உங்களுக்கு எங்கள் நன்றி. அடுத்து ஏழு பேர் வருகிறார்கள், படிவங்களை எடுத்து வையுங்கள்.

நடுவில் நின்றுபோன ஐந்து பேரில் இருவர் கேரளாவுக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போனவர்கள். ஒருவர் மாமியார் படுக்கையில் விழுந்ததால் நின்றவர். மற்ற இருவரை நான்தான் சரியாகக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். மோட்டார் நேரம் மறுபடி மாறாமல் இருந்தால் தை மாதம் அடுத்த வகுப்பு. அவசியம் வாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. என் அம்மாவுக்கு நடந்தது இவர்களுக்கு நடக்கக்கூடாது. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு எல்லாருமாக டவுன் பஸ்ஸில் போகிறோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் பஸ் எங்கே போகிறது என்று ஆளைக் கேட்கக்கூடாது, போர்டைப் படித்துத்தான் ஏற வேண்டும் என்று பந்தயம் வைத்திருக்கிறேன். பழைய வார இதழ்கள், பெரிய எழுத்துப் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். தேர்வு அன்று வகுப்பறையில் யாரோ ஒருவர் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டுப் போய்விட்டார். கறுப்பு ஃபிரேம், ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கிறது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் இதை எப்படிப் படிப்பார் என்று கேட்காதீர்கள். பேத்தி யாராவது வாசித்துச் சொல்லட்டும். வந்து வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி ஒருதரம் அவரே வாசிக்கட்டும்.