எழுதுவது ஓரிடம், தீர்ப்புச் சொல்வது வேறிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளியல் ஆய்வில் ஏழை நாடுகள் பின்தங்கியிருப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணமும் தரவும் இல்லாததுதான் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். பாதி சரி. மீதிப் பாதியை அவர் தொடவே இல்லை.

அப்போது உலக வங்கியில் இருந்த ஜிஷ்ணு தாஸும் சக ஆய்வாளர்களும் 1985 முதல் 2005 வரை வெளிவந்த 76,046 பொருளியல் கட்டுரைகளை எடுத்து, எந்த நாட்டைப் பற்றி எத்தனை என்று பார்த்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவைப் பற்றி 36,000-க்கும் மேல். ஆப்பிரிக்காவின் சின்ன ஏழை நாடான புருண்டியைப் பற்றி நான்கே நான்கு. கேட்டதும் கோபம்தான் வரும். ஆனால் மக்கள்தொகை, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்டால் அமெரிக்காவின் எண்ணிக்கை விதிவிலக்கே இல்லை என்றுதான் அவர்கள் கண்டார்கள். இதுவரை உங்கள் கட்டுரையாளர் பக்கம்தான் நியாயம்.

அப்புறம் வருகிறது சிக்கல். பொருளியலில் வேலையும் பதவி உயர்வும் ஐந்து ஆய்விதழ்களைச் சுற்றியே நடக்கின்றன. அவற்றில் ஒன்று ஹார்வர்டில் இருந்து 1886 முதல் வருகிறது, இன்னொன்று சிகாகோவில் இருந்து 1892 முதல். ஐந்தில் ஒன்றுதான் பிரிட்டனைச் சேர்ந்தது. அமெரிக்கா அல்லாத நாடுகளைப் பற்றிய கட்டுரைகளில் இந்த ஐந்தில் இடம் பிடித்தவை 1.5 சதவீதம் மட்டுமே. அமெரிக்காவைப் பற்றியது என்றால் அந்த வாய்ப்பு 2.6 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது. எழுதியவர் எந்தப் பல்கலைக்கழகம், ஆய்வு பொருளியலின் எந்தப் பிரிவு என்பதையெல்லாம் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நிற்கிறது. இதற்குப் பணப் பற்றாக்குறையை எப்படிக் காரணம் சொல்வது?

தலைப்புகளையே பாருங்கள். அமெரிக்கத் தரவை வைத்துக் குறைந்தபட்சக் கூலி பற்றி எழுதுபவர் பல சமயம் நாட்டின் பெயரையே தலைப்பில் போடுவதில்லை. அதே ஆய்வைப் பெருவில் செய்தவர் 'பெருவிலிருந்து சான்றுகள்' என்று ஒட்டியாக வேண்டும். முன்னது பொதுக் கோட்பாடு, பின்னது ஒரு நாட்டுச் செய்தி என்றாகிவிடுகிறது. (கட்டுரையை ஏற்கலாமா என்று இதழுக்குச் சொல்லும் மதிப்பீட்டாளரும் முதலில் படிப்பது தலைப்பைத்தானே!)

ஏழை நாடுகளைப் பற்றி எழுதப்படுவதே இல்லை என்று சொல்லவில்லை. மேற்குக் கென்யாவின் பள்ளிகளில் குடற்புழு மருந்து கொடுத்துச் செய்த ஆய்வு 2004-ல் இந்த ஐந்தில் ஒன்றில்தான் வந்தது. அதை எழுதிய இருவரும் அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு, பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். களம் கென்யாவில், கையெழுத்து அமெரிக்காவில். பாதை ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்தவர்களும் அந்த மாவட்டத்துக்கே போவார்கள். பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புருண்டிக்கு யார் போவார்கள்?

பொருளியலாளர் ஆர்தர் லூயிஸுக்கு 1979-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகளில் முக்கியமானது, உழைப்பாளர் மிகுந்த நாடுகளின் வளர்ச்சி பற்றி அவர் 1954-ல் எழுதிய கட்டுரை. அது மான்செஸ்டர் பல்கலைக்கழக இதழில்தான் வந்தது, இந்த ஐந்தில் எதிலும் இல்லை. இன்றைய பதவி உயர்வுக் குழு அதை எத்தனை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

கட்டுரையின் தொடர்ச்சி வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் நிதி ஒதுக்கீட்டோடு நிறுத்தாமல், பல்கலைக்கழகங்கள் ஆளெடுக்கும்போது ஏன் கட்டுரையைப் படிக்காமல் இதழின் பெயரை மட்டும் பார்க்கின்றன என்பதையும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்