வேன் ஓட்டும் வேற்றுக்கிரகவாசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறிவியல் புனைவு என்றாலே விண்கலச் சண்டைதான் என்று நினைப்பவர்களின் பொறுமையை ஜோனதன் கிளேசரின் 'அண்டர் தி ஸ்கின்' (2013) நன்றாகவே சோதிக்கும். என் வீட்டில் இருவர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். சரி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. படத்தில் யாரும் எதையும் விளக்குவதில்லை.

பெண் உருவில் வந்த வேற்றுக்கிரகவாசியாக ஸ்கார்லெட் ஜோஹான்சன், ஆண்களை இரையாக்கத் தேடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ தெருக்களில் வேன் ஓட்டுகிறார். வேனுக்குள் ஒளித்துவைத்த கேமராக்கள். அவர் பேச்சுக்கொடுக்கும் ஆண்களில் பலர் நடிகர்களே அல்ல. அந்நியத்தன்மையை வசனத்தில் சொல்லாமல் படமெடுத்த முறையிலேயே கொண்டுவந்துவிட்டார் கிளேசர்.

கடற்கரைக் காட்சிதான் இன்னும் விலகவில்லை. பெற்றோர் கடலோடு போய்விட, கைக்குழந்தை தனியே கதறுகிறது. அந்த வேற்றுக்கிரகவாசி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் அதே அவள், முகம் சிதைந்த ஓர் இளைஞனைத் தப்பிப்போக விடுகிறாள். ஏன் என்று படம் சொல்லவில்லை. எனக்கு அதுவே பிடித்தது. மிக்கா லீவியின் இசை மட்டும் சில இடங்களில் காதைக் கீறுகிறது. வேண்டுமென்றேதான் போலும்.

கேக் துண்டை விழுங்க முடியாமல் அவள் துப்பும் இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்