சுண்டைக்காய் அளவு வட்டத்தை மறைக்காதீர்கள்

பழைய அமெரிக்கப் படைத் துப்பாக்கிகளைச் சீரமைப்பவர்களுக்கும், அவற்றை ஏலத்திலும் கண்காட்சிகளிலும் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற குளிர்காலத்தில் உங்களில் ஒருவரிடம் ஒரு துப்பாக்கி வாங்கினேன். அவர் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. என் வழக்கு ஓர் ஆளோடு அல்ல, ஒரு வழக்கத்தோடு.

வாங்கியது 1816 மாதிரி மஸ்கட், அந்தக் காலப் படைவீரர்களின் நீளத் துப்பாக்கி. பூட்டு எனப்படும் சுடும் பொறியின் தகட்டில் சிறகு விரித்த கழுகும் அதன்கீழ் யு.எஸ். என்ற முத்திரையும், வால்பக்கத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற அரசு ஆலையின் பெயரும் 1827 என்ற ஆண்டும் இருந்தன. செய்த நாள் முதல், கல்லை எஃகில் மோதித் தீப்பொறி எழுப்பும் சக்கிமுக்கியாகவே இருந்தது, மாற்றம் எதுவும் இல்லை என்று விற்பனைப் பட்டியல் சொன்னது. அந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று ஆண்டுகள் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தினேன். பூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கத் திருகாணிகளைக் கழற்றினேன். குழலை மரக் கட்டையோடு இறுக்கியிருக்கும் மூன்று வளையங்களையும் ஒவ்வொன்றாக உருவினேன். பின்முனைத் திருகாணியையும் எடுத்துவிட்டு, 42 அங்குலக் குழலைத் தூக்கி விளக்கடியில் பிடித்தேன். நேராகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சற்றுச் சாய்த்ததும், குழலின் அடிப்பகுதியில் மேற்புறமாக, சுண்டைக்காய் அளவில் ஒரு வட்டம் தெரிந்தது. நிலா கோட்டை கட்டியதுபோல் மெல்லிய, நிறம் மங்கிய வளையம். அங்கே ஒரு காலத்தில் துளை இருந்திருக்கிறது. கல்லுக்குப் பதில் செம்புத் தொப்பியால் சுடும்படி பின்னர் மாற்றிய துப்பாக்கிகளில்தான் அங்கே துளை இருக்கும். யாரோ அதை வெல்டிங் வைத்து அடைத்து, அரத்தால் ராவி, மேலே பழுப்பு நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

அதன்பிறகு மற்றவை தாமாகவே வெளிவந்தன. வெடிமருந்து எரிந்து எரிந்து, சக்கிமுக்கித் துப்பாக்கியில் நெருப்பு குழலுக்குள் போகும் தீத்துளையைச் சுற்றி இரும்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆகிவிடும். இதில் அந்த இடம் குழந்தையின் கன்னம்போல் வழவழப்பாக இருந்தது. பூட்டைப் பிரித்தால், உள்பாகங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கீற்றுகள். அந்தக் காலத்தில் ஒரு பூட்டின் பாகம் இன்னொரு பூட்டில் அப்படியே பொருந்தாது; கையால் இழைத்துப் பொருத்தியவை கலந்துவிடாமலிருக்க இப்படி அடையாளம் போட்டார்கள். அரசின் இரு ஆலைகளிலும் செய்த மஸ்கட்டின் பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப்போட முடிந்தது 1842 மாதிரியில்தான். என் துப்பாக்கியில், பற்றவைக்கும் மருந்தை இடும் பித்தளைக் கிண்ணியின் அடியில் கீற்று இல்லை. கல் மோதும் எஃகு மூடியிலும் இல்லை. கல்லைக் கவ்வும் குதிரையிலும் இல்லை. நெருப்பு மூட்டும் பாகம் அத்தனையும் புதியவை.

பணம் போனது உண்மை. அதைவிட என்னை உறுத்துவது, அந்தத் துளையோடு அடைபட்டுப்போன வரலாறு.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் உங்களிடம் வாங்க வரும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலை பிரெஞ்சு மஸ்கட்டை முன்மாதிரியாக வைத்து 1795-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி சேர்ந்துகொண்டது. 1816 மாதிரியை இந்த இரண்டு அரசு ஆலைகளோடு, மில்பரியில் ஏசா வாட்டர்ஸ், பிட்ஸ்ஃபீல்டில் லெமுவேல் பாமராய் போன்ற ஒப்பந்தக்காரர்களும் செய்தார்கள். 1840-களின் நடுப்பகுதி வரை லட்சக்கணக்கில் வெளிவந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. கல்லும் கிண்ணி மருந்தும் மழையில் நமுத்துப்போகும்; செம்புத் தொப்பிக்குள் அடைத்த வெடிப்பொருளுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இத்தனை துப்பாக்கிகளையும் குப்பையில் போட எந்த அரசுக்கு மனம் வரும்? கிடங்குகளில் இருந்தவற்றைத் தரம் பிரித்தார்கள். தேறியவற்றின் பழைய தீத்துளையை அடைத்து, குழலின் மேற்புறத்தில் புதுத் துளை போட்டு, தொப்பி மாட்டும் முளையைத் திருகினார்கள். குதிரையை மாற்றினார்கள். பித்தளைக் கிண்ணியை முழுவதும் எடுத்துவிட்டால் பூட்டுத் தகட்டில் பள்ளம் விழும் என்று, வெளியே நீட்டிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை அங்கேயே விட்டார்கள். மாற்றப்பட்ட துப்பாக்கியின் பூட்டில், இரும்புக்கு நடுவே பிறைபோல் தெரியும் அந்தப் பித்தளைத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். கிழிந்த வேட்டியைத் தைத்துக் கட்டிக்கொள்ளும் வீட்டின் சிக்கனம் அதில் இருக்கிறது. தைத்தவரும் அதே வீட்டுக்காரர். துப்பாக்கியைச் செய்த அரசுதான் அதை மாற்றவும் செய்தது.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது புதிய துப்பாக்கிகள் போதவில்லை. இப்படி மாற்றப்பட்ட பழைய மஸ்கட்டுகள் இரு தரப்பிலும் தன்னார்வப் படைகளின் கைக்குப் போயின. ஆக, குழலின் மேல் இருக்கும் அந்தத் துளையை ஊனம் என்று நினைக்காதீர்கள். இந்த 1816 மாதிரியில் வரிசை எண் கிடையாது. ஒவ்வொரு துப்பாக்கியின் வாழ்க்கையும் அதன் உடம்பில் இருக்கும் வடுக்களில் மட்டுமே எழுதியிருக்கிறது. துளையை அடைத்தால் அந்த வாழ்க்கையின் பாதி போய்விடும்.

என் துப்பாக்கியின் கட்டை மட்டும் கலப்பில்லாத பழைய வால்நட் மரம். அதன் இடப்பக்கத்தில் யாரோ கத்திமுனையால் இரண்டு எழுத்துகளைக் கீறியிருக்கிறார். அவர் கல்லின் காலத்தவரா, தொப்பியின் காலத்தவரா என்று சொல்ல வழியில்லை. தொப்பிக் காலத்தவராக இருந்தால், தன் பெயரெழுத்தைப் பொறித்து அவர் தோளில் சுமந்தது இன்று என் சுவரில் இருக்கும் துப்பாக்கியை அல்ல. அவர் வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது.

இப்படி ஏன் செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். பெரும்பாலானவை மாற்றப்பட்டுவிட்டதால் மாறாத சக்கிமுக்கி அரிது. அரிது என்பதால் விலை அதிகம். ஒரு கிண்ணி, ஒரு மூடி, ஒரு குதிரை, கொஞ்சம் வெல்டிங். அதற்குப்பின் வரும் விலை வேறு.

எல்லாச் சீரமைப்பும் தவறு என்று நான் சொல்லவில்லை. படையிலிருந்து கழிக்கப்பட்டு, விவசாயிகள் பறவை சுடுவதற்காகக் குழலையும் கட்டையையும் அறுத்துக் குட்டையாக்கிய மஸ்கட்டுகள் எத்தனையோ உண்டு. அப்படி ஒன்றைப் பழைய உருவுக்குக் கொண்டுவர ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தால் அவரை நான் வணங்குவேன், செய்ததைச் சொல்லிவிட்டால். ஆலையே செய்த மாற்றத்தை அழிப்பதில் அந்த நியாயம் இல்லை. சுட்டுப் பார்க்கச் சக்கிமுக்கி வேண்டுமென்றால் இத்தாலியில் செய்த நல்ல நகல்கள் கிடைக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1822 முதல் 1831 வரை 1816 மாதிரியின் குழல் முதலிய இரும்புப் பாகங்களுக்குப் பழுப்புப் பூச்சு கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் செய்தவை வெள்ளி போல் மின்னின. இந்த வேறுபாடு தெரியாமல், 1820-களின் துப்பாக்கியை வாங்கி, அந்தப் பழுப்பைத் துரு என்று எண்ணி இரும்புநாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கிறீர்கள். இருநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்த பூச்சு ஒரு பிற்பகலில் போய்விடுகிறது. தயவுசெய்து எண்ணெய்த் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூட்டில் போட்டிருக்கும் ஆண்டை முதலில் படியுங்கள்.

நான் உங்களிடம் வருவதற்குக் காரணம் உண்டு. 1898-க்குள் செய்யப்பட்ட துப்பாக்கிகளை 1968-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகவே கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் சற்று வேறுபடலாம். ஆனால் இன்றைய துப்பாக்கி விற்பனைக்கு உரிமம் பெற்ற வணிகர் எழுதி வைக்க வேண்டிய பதிவேடுகள் இவற்றுக்கு இல்லை. இந்தச் சலுகையை நான் மனதார வரவேற்கிறேன். அது இல்லாவிட்டால் என்னைப்போன்ற சம்பளக்காரர்கள் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? ஒரு துப்பாக்கியைப் பற்றி மிஞ்சும் ஒரே காகிதம் உங்கள் விற்பனைப் பட்டியல்தான். அதில் நீங்கள் எழுதும் சொல் அடுத்த ஏலத்துக்குப் போகிறது, அதற்கடுத்த ஏலத்துக்கும் போகிறது. மூன்று கை மாறியபின் அதுவே வரலாறாகிவிடுகிறது.

ஆகவே கேட்கிறேன். குழலைக் கட்டையிலிருந்து எடுத்துப் பார்க்காமல், மாற்றமில்லாத சக்கிமுக்கி என்று எழுதாதீர்கள். பார்க்க நேரமில்லையென்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். அந்த நேர்மைக்காக வாங்குபவர்கள் இருக்கிறோம். அப்படித் தோன்றுகிறது, அப்படி நம்பப்படுகிறது என்ற நழுவல் சொற்கள் வேண்டாம். கட்டையைப் பிரிக்கக்கூடாது, பூட்டைத் தொடக்கூடாது என்று கண்காட்சி மேசையில் தடுக்காதீர்கள். எங்கள் கண்முன்னே, உங்கள் திருகுளியால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

சீரமைப்பவர்களே, உங்கள் கை வேலைத்திறனில் எனக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த வட்டத்தை அவ்வளவு மெல்லியதாக்க எத்தனை பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொறுமையில் ஒரு நிமிடம் ஒதுக்கி, நீங்கள் செய்த புதிய பாகத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், உங்கள் அடையாளத்தையும் ஆண்டையும் பொறித்துவிடுங்கள். 1827-இல் அந்தப் பூட்டைப் பொருத்திய தொழிலாளி இரண்டு கீற்றுப் போட்டுவிட்டுத்தான் போனார்.

விற்றவரிடம் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். கொடுத்தால் அதே பட்டியல் வரியோடு இன்னொருவரிடம் போகும் என்பதால் நானே வைத்துக்கொண்டேன். பூட்டு உட்காரும் பள்ளத்தில் மடித்து வைக்கும் அளவுக்கு ஒரு சிறிய காகிதம் வெட்டி, இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "குழலின் மேல் துளை பிற்காலத்தில் அடைக்கப்பட்டது. தீத்துளை, கிண்ணி, எஃகு மூடி, குதிரை புதியவை. கட்டையும் அதிலுள்ள இரண்டு எழுத்துகளும் பழையவை." விளக்குத் தேவையில்லாமல் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதினேன். என் காலத்துக்குப் பிறகு அதை எடுத்து விற்கப்போகும் உங்களில் ஒருவர், அந்தக் காகிதத்தை வெளியே எறியாமல் பட்டியலில் அப்படியே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் இனியும் வாங்க விரும்பும் ஒரு சேகரிப்பாளன்
மாசசூசெட்ஸ்