மணத்தக்காளியும் ‘நைட்ஷேட்’டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மணத்தக்காளியை ‘நைட்ஷேட்’ என்ற ஆங்கிலப் பெயரில் தேடுபவர்கள், நச்சுச் செடி என்று படித்துவிட்டு, கொல்லையில் தானாக முளைத்ததைப் பிடுங்கி எறிகிறார்கள். பெயரால் வந்த குழப்பம் இது. ‘டெட்லி நைட்ஷேட்’ எனப்படும் கொடிய நஞ்சுள்ள பெல்லடோனா வேறு; அது ஐரோப்பியச் செடி. அதற்கு மணி வடிவில் மங்கிய ஊதாப் பூ. காம்புக்கு ஒரே பழம், அடியில் நட்சத்திரம்போல் விரிந்த புல்லிவட்டம் (பச்சை அடியிதழ்கள்). மணத்தக்காளிக்குச் சிறு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். மிளகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் கொத்தாகத் தொங்கும். மிளகுதக்காளி என்ற பெயர் அதனால்தான். சுக்குட்டி என்றும் சொல்வார்கள்.

‘தக்காளி’ என்ற சொல்லே முதலில் இதற்கும் சொடக்குத்தக்காளிக்கும் உரியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பெரிய பழம் ‘சீமைத் தக்காளி’யாகத்தான் நுழைந்தது, பிறகு ‘சீமை’ உதிர்ந்துவிட்டது.

எச்சரிக்கை பச்சைக்காய்க்குத்தான் வேண்டும். அதில் சோலனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. கருநீலமாகவோ செம்மஞ்சளாகவோ நன்கு கனிந்ததையே அப்படியே தின்னலாம். முற்றிய பச்சைக்காயை அப்படியே தின்னாமல் வற்றல் போடுவார்கள். கால் கிலோவுக்கு ஒரு டம்ளர் புளித்த மோர், இரண்டு தேக்கரண்டி உப்பு. காயை லேசாக நசுக்கிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் உப்பு இறங்காது, உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், வறுக்கும்போது வெடிக்கும். பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர். மோர் வற்றியபின் கலகலவென்று ஒலிக்கும்வரை காயட்டும்.

தங்கள் சமையல் பகுதியிலும் மணத்தக்காளி என்றே அச்சிட வேண்டுகிறேன்.

- வாசகர், திண்டுக்கல்