பொந்துக்குள் போன வெள்ளைக்கிளி

சிட்னி,
செப்டம்பர் 14

அன்புள்ள நண்பனுக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் பள்ளி விடுமுறை.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு ஒரு காக்கட்டூக் கிளி ஜோடிதான் காரணம். வெள்ளை உடம்பு, மஞ்சள் கொண்டை. கத்தினால் தெருவே எழுந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு கிழட்டு யூகலிப்டஸ் நிற்கிறது. கிளை முறிந்த இடத்தில் ஒரு பொந்து. ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் அதன் வாயைக் கொத்திக் கொத்தி அகலப்படுத்தின. இப்போது ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வருகிறது. இரண்டும் மாறி மாறி அடைகாக்கிற ஜாதி இது.

முதல் வாரம் எடுத்த படமெல்லாம் வீண். இருண்ட இலைகளுக்கு முன்னால் வெள்ளைப் பறவை உட்கார்ந்தால் கேமரா ஏமாந்துவிடுகிறது. இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியைப் பாதியாக்கி, காலை ஏழு மணிக்கு முன்பே போய் நின்றேன். அப்புறம்தான் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக விழுந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றின் கண் கறுப்பு, மற்றதன் கண் செம்பழுப்பு. கறுப்புக் கண் ஆண், செம்பழுப்பு பெண். அதற்கு முன் எனக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது யார் வீட்டில் இருக்கிறார், யார் வெளியே போயிருக்கிறார் என்று தெரிகிறது. மரத்துக்கு மிக அருகே போவதில்லை, லென்ஸ் எட்டுகிற தூரமே போதும்.

இவற்றின் மூளையை என்னவென்று சொல்ல! இங்கே மேற்கு சிட்னியில் பூங்காக் குடிநீர்க் குழாயைத் தாமே திறந்து குடிக்கின்றன. கைப்பிடியைக் காலால் பிடித்து, உடம்பின் எடையைச் சாய்த்துத் திருகுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் 2025இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். குப்பைத் தொட்டி மூடியைத் திறக்கும் வித்தை 2018க்கு முன் 3 புறநகர்களில்தான் இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்று, 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவிவிட்டது.

ஆனால் எந்தக் கெட்டிக்காரத்தனத்தாலும் இவற்றால் ஒரு பொந்தை உண்டாக்க முடியாது. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, இந்த அளவுப் பறவை நுழையும்படி ஆக யூகலிப்டஸுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வேண்டும். பக்கத்துத் தெருவில் போன வருஷம் அப்படி ஒரு மரத்தை அரை நாளில் அறுத்துத் தள்ளினார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

நம் ஊர்க் குளக்கரை மொட்டைப்பனை நினைவிருக்கிறதா? பச்சைக்கிளிக் குஞ்சு பார்க்க நீ ஏறி, முழங்காலெல்லாம் சிராய்த்துக்கொண்டு இறங்கினாயே. அது இன்னும் நிற்கிறதா? அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்